இலங்கைக்கு 44 சதவீதம்: அந்த எண் எப்படி வந்தது, பணத்தை யார் கட்டுகிறார்கள்?

பிலிமத்தலாவையில் கண்டி வீதியோரம் பித்தளை விளக்குக் கடைகளைத் தாண்டி நடந்தால், மேசை போட்டு பெனியன் விற்பவர்களைக் காணலாம். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை அவை. கழுத்தின் உட்புறத் துணிப்பட்டியில் கம்பனியின் பெயர் பாதியாக வெட்டப்பட்டிருக்கும். இலங்கையில் தயாரிக்கப்பட்டது என்ற சிறிய எழுத்து மட்டும் கத்தரிக்கோலுக்குத் தப்பியிருக்கும். பட்டி வெட்டப்படாத மற்றச் சட்டைகளில் ஒரு பெரும் பங்கு கொழும்பில் கப்பலேறி அமெரிக்கக் கடைகளுக்குப் போய்விட்டது.

2025 ஏப்ரல் 2ஆம் திகதி மாலை, வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். நமக்கு அது ஏப்ரல் 3 அதிகாலை. அன்று வெளியான பட்டியலில் ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரே இரண்டு எண்கள் இருந்தன. இலங்கைக்கு எதிரே 88, 44. அமெரிக்கப் பொருட்களுக்கு இலங்கை அறவிடுவது 88 சதவீதம், பதிலுக்கு அமெரிக்கா அறவிடப்போவது அதில் பாதி என்பது அதற்குக் கொடுக்கப்பட்ட பொருள். விடிந்ததும் நம் வானொலிகளும் பத்திரிகைகளும் அந்த எண்ணை அப்படியே ஏந்திக்கொண்டன. "இலங்கைக்கு 44 சதவீத வரி." அந்த ஒரு வரியில் இரண்டு தவறான எண்ணங்கள் ஒளிந்திருந்தன. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியது அவசியம்.

88 என்ற எண் எங்கிருந்து வந்தது?

நம் சுங்கத் திணைக்களத்தின் எந்த அட்டவணையிலும் அந்த 88 இல்லை. அறிவிப்பு வெளியான சில மணி நேரத்துக்குள் ஜேம்ஸ் சூரோவியெக்கி என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அதன் மூலத்தைக் கண்டுபிடித்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு அது.

2024இல் அமெரிக்கா இலங்கையிடம் வாங்கிய பொருட்களின் பெறுமதி சுமார் 300 கோடி டொலர். இலங்கை அமெரிக்காவிடம் வாங்கியது சுமார் 37 கோடி டொலர். இடைவெளி 263 கோடி. அந்த இடைவெளியை 300ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 88 சதவீதம். அதில் பாதி 44. கணக்கு இவ்வளவுதான். நாம் எந்தப் பொருளுக்கு எவ்வளவு தீர்வை விதிக்கிறோம் என்பது இதற்குள் எங்குமே வரவில்லை.

அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் பிறகு ஒரு சூத்திரத்தை வெளியிட்டது. கிரேக்க எழுத்துகளுடன் பார்ப்பதற்குப் பெரிய ஆய்வுபோலவே இருந்தது. அதில் கூடுதலாகச் சேர்ந்தவை இரண்டு காரணிகள். ஒன்றின் மதிப்பு 4, மற்றதன் மதிப்பு 0.25. நாலையும் காலையும் பெருக்கினால் ஒன்று. ஆகவே அவை இருந்தும் இல்லாததுபோல் ஆகி, பழைய வகுத்தல் கணக்கே மிஞ்சியது. அந்த அலுவலகம் மேற்கோள் காட்டிய ஆய்வொன்றை எழுதியவர்களில் ஒருவரான சிக்காகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிரென்ட் நீமன், தங்கள் முடிவு தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது, சரியாகப் பயன்படுத்தியிருந்தால் வரிகள் சுமார் கால்வாசியாகக் குறைந்திருக்கும் என்று வெளிப்படையாகவே எழுதினார்.

கூட வாங்குவது ஏமாறுவதா?

அந்தக் கணக்கின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு நாடு நம்மிடம் வாங்குவதைவிட நமக்கு அதிகமாக விற்றால், அது நம்மை ஏமாற்றுகிறது என்ற நம்பிக்கை. பிலிமத்தலாவை பித்தளைக் கடைக்காரர் வாராவாரம் சந்தையில் மரக்கறி வாங்குகிறார். மரக்கறிக்காரர் வருடத்தில் ஒரு குத்துவிளக்குக்கூட வாங்குவதில்லை. அதற்காக மரக்கறிக்காரர் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுவாரா? கடைக்காரர் விளக்கை உல்லாசப் பயணிக்கு விற்கிறார், அந்தப் பணத்தில் கறிக்கு வாங்குகிறார். நாடுகளும் அப்படித்தான். ஆடை விற்ற டொலரில் நாம் எரிபொருளையும் மருந்தையும் துணியையும் வேறு நாடுகளிடம் வாங்குகிறோம். இதில் இன்னொன்றும் உண்டு. பொருட்கள் மட்டுமே எண்ணப்பட்டன. நம் கையில் இருக்கும் தொலைபேசியின் மென்பொருளுக்கும் நாம் பார்க்கும் படங்களுக்கும் அமெரிக்கக் கம்பனிகளுக்குப் போகும் பணம் அந்தக் கணக்கில் சேரவேயில்லை.

இலங்கை குற்றமற்றது என்று நான் வாதாட வரவில்லை. சுங்கத் தீர்வைக்கு மேல் செஸ் வரி, துறைமுக மற்றும் விமான நிலைய அபிவிருத்தி வரி என்று அடுக்கடுக்காக விதிக்கிற நாடு இது. வாகனம் வாங்க ஆசைப்பட்ட எவருக்கும் அது தெரியும். அவற்றைப் பற்றி அமெரிக்கா முறையிட்டால் அதில் நியாயம் உண்டு. அப்படியானால் அவற்றை எண்ணிக் காட்டியிருக்க வேண்டும். இல்லாத ஓர் எண்ணை உண்டாக்கி, அதை நம் தலையில் குற்றமாக வைத்தது நியாயமல்ல.

"இலங்கைக்கு வரி" என்றால் யார் கட்டுவது?

அந்தக் "கு" உருபுதான் நம்மைத் திசைதிருப்பியது. இலங்கைக்கு வரி என்றதும், நம் திறைசேரியிலிருந்து பணம் போகிறது என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் சட்டை அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது, அதை இறக்குமதி செய்யும் அமெரிக்கக் கம்பனிதான் அந்த வரியைத் தன் அரசுக்குக் கட்டுகிறது.

உதாரணத்துக்கு, 5 டொலர் பெறுமதியென்று அறிவிக்கப்பட்ட ஒரு பருத்தி பெனியனை எடுத்துக்கொள்வோம். இதற்கு முன்பே அமெரிக்கா அதற்கு 16.5 சதவீதம் அறவிட்டு வந்தது, அதாவது சுமார் 83 சதம். ஏழைகள் உடுக்கும் பெனியனுக்கு இப்படிப் பழைய வரி இருந்ததை ஏப்ரல் மாத ஆரவாரத்தில் அதிகம் பேர் பேசவில்லை. புதிய வரி அதன் மேல் ஏறியது. 44 சதவீதமாக இருந்திருந்தால் இன்னும் 2 டொலர் 20 சதம். ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 20 சதவீதத்தின்படி இன்னும் 1 டொலர்.

அந்த ஒரு டொலர் பிறகு பயணம் செய்கிறது. ஒரு பங்கு அமெரிக்கக் கடைவிலையில் ஏறுகிறது. ஒரு பங்கை இறக்குமதிக் கம்பனி தன் இலாபத்தில் தாங்குகிறது. மிச்சத்தை, "விலையைக் குறையுங்கள்" என்ற ஒரு மின்னஞ்சலாக இங்குள்ள தொழிற்சாலைக்கு அனுப்புகிறது. அங்கிருந்துதான் அது நம் வீடுகளுக்குள் வருகிறது. ஆடர் குறைந்தால் முதலில் ஓ.டி. எனும் மேலதிக நேர வேலை போகும். மெஷினில் உட்காரும் பிள்ளைக்குச் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதே அந்த ஓ.டி. காசில்தான். டார்கெட் மட்டும் குறையாது. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பல்லேகலைக்கும் கட்டுநாயக்கவுக்கும் கார்மென்ட் வேலைக்குப் போன பெண்கள் எத்தனை பேர்! நாடு முழுவதும் சுமார் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோரின் நேரடிப் பிழைப்பு இந்தத் தொழில். நம் ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் அமெரிக்காவுக்கே போகிறது.

44 எப்படி 20 ஆனது?

ஏப்ரல் 9இல் 90 நாள் அவகாசம் கொடுத்து, பெரும்பாலான நாடுகளுக்கு 10 சதவீதம் என்று ட்ரம்ப் நிறுத்தினார். ஜூலை 9இல் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவுக்கு வந்த கடிதத்தில் எண் 30. பேச்சுவார்த்தைகளுக்குப் பிறகு ஆகஸ்ட் 7 முதல் நடைமுறைக்கு வந்தது 20. வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் அதே 20, பாகிஸ்தானுக்கு 19, இந்தியாவுக்கு அந்த மாத இறுதியில் 50. போட்டி நாடுகளோடு சமமாகிவிட்டோம் என்பதால் இங்கே பலர் பெருமூச்சு விட்டார்கள். அந்த நிம்மதியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நான்கு மாதத்துக்குள் 44, 10, 30, 20 என்று மாறிய ஓர் எண்ணை நம்பி எந்தத் தொழிற்சாலை அடுத்த வருட ஆடரைத் திட்டமிடும்? காங்கிரஸைக் கேட்காமல் இப்படி வரி விதிக்க அமெரிக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது.

மிளகு சொன்ன சாட்சியம்

வரியை வெளிநாட்டவர்தான் கட்டுகிறார்கள் என்று ட்ரம்ப் அரசாங்கம் திரும்பத் திரும்பச் சொன்னது. அதற்கு அவர்கள் கையாலேயே ஒரு மறுப்பு எழுதப்பட்டது. விலைவாசி பற்றிய கோபம் அமெரிக்க மாநிலத் தேர்தல்களில் வெளிப்பட்ட சில நாட்களில், 2025 நவம்பர் 14இல், கோப்பி, தேயிலை, வாழைப்பழம், மாட்டிறைச்சி, மிளகு உள்ளிட்ட வாசனைத் திரவியங்கள் போன்றவை அந்தப் புதிய வரியிலிருந்து விடுவிக்கப்பட்டன. வெளிநாட்டவர் கட்டுகிற வரியாக இருந்தால், அதை நீக்கி அமெரிக்கச் சமையலறையின் செலவைக் குறைக்க முடியாது அல்லவா?

எங்கள் பக்கத்து வீட்டு முற்றத்தில் பாயில் மிளகு காய்கிறது. அந்த வீட்டின் மூத்த மகள் கார்மென்டில் சட்டை தைக்கிறாள். ஒரே கூரையின் கீழ் விளைந்த இரண்டு உழைப்பில் மிளகுக்கு விலக்குக் கிடைத்தது, சட்டைக்குக் கிடைக்கவில்லை. மிளகு விலை அமெரிக்க வாக்காளரின் கண்ணில் பட்டது, அந்தப் பிள்ளையின் ஓ.டி. படவில்லை. வாஷிங்டனில் அதைப் பார்க்க ஆளில்லாமல் இருக்கலாம். இங்கே தமிழில் செய்தி எழுதுகிற நாம் பார்க்க வேண்டும். அடுத்த முறை ஓர் எண் அட்டையில் வரும்போது, அதைத் தலைப்பாக்கும் முன் ஒரு காகிதத்தில் வகுத்துப் பார்ப்போம். இந்த 88க்கு அது போதுமானதாக இருந்தது.