விடை வரும் வாயில்

பெயர்ப்பட்டியல்களைச் செம்மை செய்தற்குக் கணினி நிரல்கள் இக்காலத்திற் பெரிதும் உதவுகின்றன. அவை இடையிடையே நம்மை வினவி, நாம் தரும் விடையைப் பெற்று மேற்செல்லுதலும் உண்டு. அவ்விடை எவ்வாயிலால் வருதல் வேண்டும் என்பதை மறப்பின் விளையுங் கேட்டினை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

எழுத்துக் கோப்புக்களை ஆராய்தற்கென ‘ஓக்’ என்னும் நிரல்மொழி 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆகோ, வைன்பேகர், கேணிகன் என்னும் மூவரால் ஆக்கப்பெற்றது. கோப்பின் வரிகளை அது தானே ஒவ்வொன்றாக எடுத்து, நாம் விதித்த செயலை அவற்றின்மேற் புரியும். இடையில் வேறொரு வரியைப் பெற விரும்பின் ‘கெற்லைன்’ என்னுங் கட்டளையை எழுதுவோம்.

பழைய மாணவர் 600 பேரின் பெயர்கள் வரிக்கொன்றாக உள்ளன எனக் கொள்வோம். ஆங்காங்கே 10 பெயர்களுக்குக் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டு குறிக்கப்படவில்லை. அவ்விடங்களில் நிரல், “ஆண்டு யாது?” என வினவல் வேண்டும். விடைபெறுதற்குக் ‘கெற்லைன்’ என வாளா எழுதினால், அது நம் விடைக்குக் காத்து நில்லாது. பட்டியலின் அடுத்த வரியையே விடையெனக் கொள்ளும். ஒருவர் பெயர் மற்றொருவரின் ஆண்டாகிவிடும். அவருக்குரிய வரியோ மறைந்தொழியும். இவ்வாறு 10 பேர் விடுபட்டும் பிழையென ஒரு சொல்லும் திரையில் தோன்றாது.

இதற்குப் பரிகாரம் எளிது. விடை வரும் வாயிலைப் பெயர் சுட்டிக் கூறுதல் வேண்டும். யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ‘/டெவ்/ரிரிவை’ என்பது நம்முன் உள்ள விசைப்பலகையையும் திரையையும் குறிக்கும். அங்கிருந்து பெறுக எனக் கட்டளையிடின், பட்டியல் எவ்வழியால் வரினும் விடை நம் கையினின்றே செல்லும். வினாவும் அத்திரைக்கே செல்லல் வேண்டும். செம்மைப்பட்ட பட்டியலினுள் அது புகுதலாகாது.

இன்னுமொன்று. ‘கெற்லைன்’ வரி கிடைத்தால் 1 எனவும், உள்ளீடு முடிந்தால் 0 எனவும், வாயில் திறவாவிடின் -1 எனவும் அறிவிக்கும். அம்மதிப்புப் பூச்சியத்தினும் பெரிதா எனச் சோதித்த பின்னரே விடையை ஏற்றல் முறை. சோதியாதுவிடின், முன்னவருக்குத் தந்த ஆண்டே மாறாது நின்று இவருக்கும் எழுதப்பட்டுவிடும்.

நிரல் முடிந்ததும், சென்ற பெயர்கள் எத்தனை, வந்த பெயர்கள் எத்தனை என எண்ணிப் பார்த்தல் நன்று. விழாமலரிலே தன் பெயரைத் தேடிக் காணாத ஒருவருக்கு, ஏனைய 599 பெயர்களும் பிழையின்றி உள்ளன என்பது ஆறுதலாகாதன்றோ?