வெள்ளம் வாசலுக்கு வருமுன்

"நாப்பது வருசமா இருக்கோம், தண்ணி லயத்துப் படி ஏறினதில்லே" என்று நம் பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் என்ன நடந்தது? ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. மாடியிலும் கூரையிலும் ஏறியவர்கள் சோறு தண்ணியில்லாமல் படகுக்குக் காத்துக் கிடந்தார்கள். நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் மாண்டனர். நெகிரி செம்பிலானும் தப்பவில்லை.

ஆகவே பாரோய் வட்டாரத் தோழர்களே, மழை விடாது பெய்தால் பொழுது இருக்கும்போதே மேட்டுக்குப் போய்விடுங்கள். "ஆடு கோழி என்னாவது?" என்று அக்காமார் கேட்பார்கள். கட்டை அவிழ்த்து, கூண்டைத் திறந்து விடுங்கள். அதுகளுக்கு நம்மைவிட வழி தெரியும்!

சட்டி பானை போனால் வாங்கலாம். பிறப்புப் பத்திரம் போனால்? சிவப்பு அடையாளக் கார்டோடு பதிவு இலாகாவுக்கு நடையாய் நடந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம், சேமநிதிக் கடுதாசி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, பிஸ்கட் தகரத்தில் இப்போதே போட்டு வையுங்கள். கிளம்பும்போது முதலில் கையில் எடுப்பது அதுதான்.

மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடாதீர்கள். ஆபத்தென்றால் 999.

வெள்ளம் வடிந்தபின் எலி மூத்திரம் கலந்த சேற்றில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். பிறகு காய்ச்சல் வந்தால், "வெள்ளத் தண்ணியிலே நடந்தேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.