துருப்பிடித்த பூட்டு ஏன் திறவாது?
கடலோர வீட்டின் கதவில் பல மாதம் தீண்டப்படாமல் தொங்கிய இரும்புப் பூட்டு, சாவி நுழைந்தும் திரும்ப மறுப்பதற்குக் காரணம், ஈரமும் பிராணவாயுவும் இரும்புடன் கூடி உண்டாக்கும் துரு, தான் அரித்த இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொண்டு, உள்ளே தகடுகளுக்கிடையே இருந்த மயிரிழை இடைவெளியையும் நிரப்பிவிடுவதேயாகும். உப்புக்காற்று இந்த இரசாயன விளைவைத் துரிதப்படுத்துகிறது. அந்நிலையில் சாவியைப் பலவந்தமாக முறுக்குவது பெருந்தவறு. அது முறிந்து உள்ளே தங்கினால் ரம்பத்தைத் தவிர வேறு கதியில்லை. சாவித்துளையிலும், வளையம் புகும் இரு துளைகளிலும் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு வைத்திருந்தால், நீரினும் பரப்பு இழுவிசை மிகக் குறைந்த அத்திரவம் துருவின் நுண்ணிய பிளவுகளுக்குள் தானே ஊர்ந்து செல்லும். காலையில் பூட்டை மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, சாவியை இப்புறமும் அப்புறமும் சிறிது சிறிதாக அசைக்க, செந்நிறப் பொடி கலந்த எண்ணெய் கசியத் தொடங்கும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பற்றிக்கொள்ளுமாதலால், திறந்தபின் இடத்தக்கது தையல் இயந்திர எண்ணெயே.