மூன்றாம் நாள் கிளம்பும் வலி

ஞானப்பல்லைப் பிடுங்கினால் வலிப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஈற்றைக் கீறி, தேவைப்பட்டால் எலும்பையும் கொஞ்சம் ராவித்தான் அதை வெளியே எடுக்கிறார்கள். கன்னம் இரண்டு மூன்று நாள் வீங்கி, பிறகு வடியும். வாய் சரியாகத் திறக்காது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால், 'கஞ்சி போதும், இனி குழைவாக இட்லி சாப்பிடலாம்' என்று தெம்பு வருகிற நேரத்தில் சிலருக்கு வலி புதிதாகக் கிளம்பும். விண் விண்ணென்று காதுவரை தெறிக்கும். வாயில் கெட்ட வாடை அடிக்கும். மாத்திரைக்கும் சரியாகக் கேட்காது.

பல் இருந்த குழியில் இரத்தம் நிறைந்து கட்டியாக உறைகிறது. கண்ணாடியில் பார்த்தால் கருஞ்சிவப்பாக, லேசாக அருவருப்பாகத்தான் இருக்கும். இரத்தத்தை நிறுத்துவதோடு அதன் வேலை முடிவதில்லை. ஃபைப்ரின் என்ற புரத இழைகளால் பின்னிய அந்தக் கட்டி, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி. புதிய செல்களும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அதைப் பற்றித்தான் உள்ளே ஏறி வருகின்றன. குழி எலும்பால் நிரம்பச் சில மாதங்கள் ஆகும்.

இடையில் கட்டி கரைந்துபோனால் எலும்பு மூடியில்லாமல் நிற்கும். எச்சிலும் உணவும் நேராக அதன்மேல் படும். இதைத்தான் பல் டாக்டர்கள் 'டிரை சாக்கெட்' என்கிறார்கள். 1896இல் க்ராஃபோர்ட் என்ற பல் மருத்துவர் இதை முதலில் விவரித்து எழுதினார். மற்ற பற்களைவிடக் கீழ்த்தாடை ஞானப்பல்லில்தான் இது அதிகம். கீழ்ப்பற்களுக்கும் காதின் முன்பகுதிக்கும் ஒரே நரம்பிலிருந்து கிளைகள் பிரிவதால், குழி வலித்தாலும் காதில் வலிப்பதாக மூளைக்குத் தோன்றும்.

வலி ஏன் முதல் நாளே வருவதில்லை? டென்மார்க்கைச் சேர்ந்த பிர்ன் தந்த விளக்கம் இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது. காயம்பட்ட எலும்பிலிருந்து வெளிவரும் பொருள்கள் இரத்தத்தில் இருக்கும் ஒரு நொதியைத் தட்டி எழுப்புகின்றன. அது ஃபைப்ரினை மெல்லக் கரைக்கிறது. கட்டியை ஒழிப்பது உடம்பின் சொந்தச் சரக்குதான்! அதனால் 'ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாய், அடிக்கடி துப்பினாய்' என்று நோயாளியையே திட்டுவது பாதிதான் நியாயம். உறிஞ்சாமலும் துப்பாமலும் இருப்பது நல்லது, சந்தேகமில்லை. சிகரெட்டை மட்டும் எந்தச் சமாதானமும் சொல்லாமல் நிறுத்த வேண்டும்.

வலி மாத்திரைகளுக்கும் ஞானப்பல்லுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. இந்தப் பல்லை எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான இளைஞர்கள். வலியின் அளவும் ஓரளவு ஒரே மாதிரி. ஆகவே புதிய வலி மருந்துகளைச் சோதிக்க ஆய்வாளர்கள் காலங்காலமாக இவர்களைத்தான் தேடிப் போகிறார்கள். அப்படிச் சேர்ந்த சோதனைகளை 2013இல் தொகுத்துப் பார்த்தபோது, 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலைவிட 400 மில்லிகிராம் ஐபுப்ரூஃபன் நன்றாகக் கேட்டது தெரிந்தது; இரண்டும் சேர்ந்தபோது இன்னும் நன்றாக. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுப்ரூஃபனைத் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது.

டிரை சாக்கெட் என்றால் டாக்டர் குழியை உப்புநீரால் கழுவி, கிராம்பு எண்ணெயின் சத்தான யூஜினால் கலந்த மருந்தை வைப்பார். அது நரம்பை மரக்கச் செய்வதால் வலி சீக்கிரம் அடங்கும். கிராம்புதானே என்று வீட்டில் இருக்கும் எண்ணெயை அப்படியே குழியில் விட்டால் ஈறு வெந்துபோகும். மருந்து வைத்த பிறகு, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் எலும்பின்மேல் புதுத் திசு மூடிவிடும். காய்ச்சல் வந்தாலோ, சீழ் வடிந்தாலோ, வீக்கம் வடியாமல் ஏறிக்கொண்டே போனாலோ, கீழுதடு மரத்தது மரத்தபடியே இருந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.