குடும்பத்தில் மனநோய் இருந்தால் பிள்ளைக்கும் வருமா?

“சித்தப்பாவுக்கு இருந்தது, என் மகனுக்கும் வருமா?” இந்தப் பயம் பல வீடுகளில் உண்டு. வாய்விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு. மனச்சிதைவை (இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் முற்றுவது போன்ற தீவிர மனநோய்) எடுத்துக்கொள்வோம்.

பொதுவாக 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இது வருகிறது. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால், பிள்ளைகளில் 100க்குச் சுமார் 10. அதாவது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. சித்தப்பா, அத்தை என்று உறவு விலக விலக வாய்ப்பு இன்னும் குறையும்.

பரம்பரை மட்டும்தான் காரணமா? இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1930இல் ஒரே கருவிலிருந்து நான்கு பெண்கள் பிறந்தார்கள். ஆய்வாளர்கள் அவர்களுக்கு வைத்த புனைபெயர் ஜெனைன் சகோதரிகள். சிறுவயதில் மேடையேறி ஆடிப்பாடிய பிள்ளைகள். வீட்டிலோ அப்பாவின் கெடுபிடி: வெளியார் பழக்கம் கூடாது, எப்போதும் கண்காணிப்பு. அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் மனநலம் குலைந்திருந்தது. 24 வயதுக்குள் நால்வருக்குமே மனச்சிதைவு வந்தது.

ஆனால் நால்வரும் ஒரே மாதிரி பாதிக்கப்படவில்லை. ஹெஸ்டர் என்று பெயரிடப்பட்டவர் மிக மோசமாக நலிந்தார். மைரா திருமணம் செய்து, பிள்ளைகள் பெற்று வாழ்ந்தார். மரபணு (பெற்றோரிடமிருந்து உடலுக்கு வரும் கட்டளைத் தொகுப்பு) நால்வருக்கும் ஒன்றே. அப்படியானால் பரம்பரைக்கு வெளியே உள்ளவற்றுக்கும் பங்கு இருக்கத்தான் வேண்டும்.

அப்படியென்றால் பெற்றோர்தான் குற்றவாளிகளா? அப்படியும் ஒருகாலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள், முக்கியமாகத் தாயை. அது தவறு, கொடுமையும்கூட. வளர்ப்பு மட்டும் இந்த நோயை உண்டாக்குவதாகச் சான்று இல்லை.

பிறகு வீட்டின் பங்கு என்ன? நோய் திரும்புவதில் அது தெளிவாகத் தெரிகிறது. லண்டனில் ஆய்வாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிவைத்த ஆய்வுகளில், ஓயாத குறைகூறல், வெறுப்பு, மூச்சுமுட்டும் அக்கறை ஆகியவை உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கே நோய் அதிகம் மறுபடி வந்தது. அக்கறையுமா என்று கேட்பீர்கள். முப்பது வயது மகனுக்குச் சோறு பிசைந்து கொடுப்பதும், அவன் போனை எடுத்துப் பார்ப்பதும், தனியே கடைக்கு விடாததும் அந்தக் கணக்கில்தான் வரும்.

சரி, என்ன செய்யலாம்? “ஏண்டா எப்பப் பாரு படுத்தே கிடக்கிற?” என்பதைவிட “கடைக்குப் போறேன், வர்றியா?” என்று கேளுங்கள். விருந்தாளி வந்தால் உள்ளறையில் ஒளித்துவைக்காதீர்கள். நண்பன் ஒருவன் வந்துபோனாலும் பெரிய துணை. குடும்பத்தில் நோய் இருந்தால் பிள்ளைகள் கஞ்சா பக்கமே போகக்கூடாது, அது ஆபத்தைக் கூட்டும். குணமானதுபோல் தெரிந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது, இன்னொரு வீட்டுப் பெண்ணும் சேர்ந்து தவிப்பாள்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது? வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பழகியவர்களைத் தவிர்த்து, தனக்குத்தானே பேசி, எல்லோரையும் சந்தேகப்பட்டால் தாமதிக்காதீர்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரமோ, அவ்வளவு நல்லது. இந்தியாவில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.