துப்பாக்கி போன பிறகும் தங்கிவிட்ட கருவிகள்

பழந்துப்பாக்கிகள் ஏலத்துக்கு வந்தால் எல்லோர் கண்ணும் நீளக் குழலின் மேல்தான் போகிறது. பக்கத்தில் ஒரு தகரப் பெட்டியில் பித்தளை மூடி, துருவேறிய திருகு, நடுவில் துளையிட்ட சின்ன வட்டு, பிடி தேய்ந்த குறடு எல்லாம் கலந்து கிடக்கும். உதிரி என்று சொல்லி மொத்தமாக ஒரு விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. துப்பாக்கியை அழகுக்காகச் சுவரில் மாட்டி வைத்தவர்கள் உண்டு. இந்தச் சின்னக் கருவிகளைத் தேயத் தேயப் புழங்கியவர்கள் அதைச் சுடத் தெரிந்தவர்கள். துப்பாக்கி எப்படி வேலை செய்தது என்பதைக் குழலைவிட இவைதான் தெளிவாகச் சொல்கின்றன.

கையில் ஒரு கருவி கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது, அந்தத் துப்பாக்கியில் மருந்துக்கு எப்படித் தீ வைத்தார்கள் என்பது. சக்கிமுக்கிக் கல் காலத்துச் சிப்பாயிடம் ஒரு மெல்லிய கம்பியும் குட்டித் தூரிகையும் சங்கிலியில் தொங்கும். தீப்பொறி விழும் கிண்ணியில் படியும் கரியைத் துடைக்கத் தூரிகை, குழலின் பக்கவாட்டுத் தீத்துளை அடைத்துக்கொண்டால் குத்தித் திறக்கக் கம்பி. 19ஆம் நூற்றாண்டில், அடித்தால் தீப்பொறி தரும் செம்புக் கேப் வந்ததும் இந்த ஜோடியில் தூரிகைக்கு வேலை போயிற்று. கேப்பைச் செருகும் நிப்பிளைக் கழற்ற ஒரு ஸ்பேனர் தேவைப்பட்டது. ஆகவே சிறிய சதுர வாய் கொண்ட ஸ்பேனர் கிடைத்தால், பெரும்பாலும் அது கேப் காலத்துக் கருவி.

1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் கொழுப்புத் தடவிய தோட்டாவால் பேர்போன என்ஃபீல்டை நம் வாசகர்கள் அறிவார்கள். 1853 மாதிரியான அந்த 0.577 அங்குலத் துப்பாக்கிக்கு ஒரு கூட்டுக் கருவி கொடுத்தார்கள். திருப்புளி, நிப்பிள் ஸ்பேனர், குத்தூசி, எண்ணெய்க் குப்பி எல்லாம் அந்த ஒன்றிலேயே அடங்கும். அதோடு கஜக்கோலின் நுனியில் மாட்டும் திருகுகளும் உண்டு. இரட்டைச் சுருளாக இருந்தால் குழலுக்குள் சிக்கிய துணியை இழுக்க. மரத்திருகு போல ஒற்றைக் கூர் இருந்தால், வெடிக்காமல் உள்ளே தங்கிவிட்ட ஈயக் குண்டைத் துளைத்து இழுக்க. இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள்.

குண்டு வார்க்கும் அச்சு நம் பாக்குவெட்டியைப் போலவே இருக்கும். இதில் பொறித்த எண்தான் பலரை ஏமாற்றுகிறது. 38 என்று இருந்தால் 0.38 அங்குலம் என்று உடனே எழுதிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் அச்சானால் அது வேறு கணக்கு: ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு வார்க்கலாம் என்பதே அந்த எண். ஒரு பவுண்டுக்கு 38 குண்டு என்றால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அரை அங்குலம். 54 என்றால் 0.44 அங்குலம். எண் ஏற ஏறக் குண்டு சிறுக்கும். குழிவை அளந்து பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

மேசை விளிம்பில் பிடித்து முடுக்கும் கிளாம்பும் சுழற்றும் கைப்பிடியும் உள்ள ஒரு பித்தளைக் கருவியைச் சமையலறைச் சாமான் என்று விற்பது வழக்கம். வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் அட்டை விளிம்பை உள்ளே மடித்து மூடுவதற்கான கருவி அது. ஷெஃபீல்டின் ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி நிறுவனப் பெயர்கள் பொறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

என் மனம் அதிகம் தங்குவது குறிபார்க்கும் சைட்டுகளில்தான். அவற்றின் அருமையைச் சொல்ல ஒரு போட்டியிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவின் லாங் ஐலண்டில் க்ரீட்மோர் என்ற இடத்தில் 1873இல் ஒரு சுடுதளம் திறந்தார்கள். 1874 செப்டம்பரில் அயர்லாந்து அணி அங்கே வந்து அமெரிக்கர்களோடு மோதியது. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜம் என மூன்று தூரங்களிலும் ஆளுக்குப் பதினைந்து குண்டு. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் நான்கு புள்ளி. அயர்லாந்துக்காரர்கள் ரிக்பியின் வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகளோடும், அமெரிக்கர்கள் ரெமிங்டன், ஷார்ப்ஸ் நிறுவனங்களின் பின்வழித் துப்பாக்கிகளோடும் நின்றார்கள். ஜான் போடின் கடைசிக் குண்டைச் சுட வந்தபோது அமெரிக்கா ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. உடைந்த பாட்டிலால் கை கிழிந்து ரத்தம் வழிய, அவர் நடு இலக்கில் அடித்தார். 934க்கு 931 என்று அமெரிக்காவின் வெற்றியில் முடிந்தது ஆட்டம்.

ஆயிரம் கெஜத்தில் இதைச் சாத்தியமாக்கியது வெர்னியர் சைட். பிரெஞ்சுக் கணித அறிஞர் பியேர் வெர்னியர் 1631இல் வெளியிட்ட அளவுமுறை இது. அளவுகோலை ஒட்டி, சற்றே நெருக்கிக் கோடு போட்ட ஒரு சிறு அளவுகோல் நகரும். இரண்டிலும் எந்தக் கோடுகள் நேருக்கு நேர் வருகின்றன என்று பார்த்தால் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட வாசிக்கலாம். இரண்டு சைட்டுகளுக்கும் இடையே சுமார் 36 அங்குலம் இருக்கும்போது, பின் சைட்டை நூறில் ஒரு அங்குலம் உயர்த்தினால் ஆயிரம் கெஜத்தில் குண்டு ஏறத்தாழ பத்து அங்குலம் மேலேறும். பித்தளையில் கோடு போட்ட கைவினைஞரின் நுட்பம் இதில் தெரிகிறது.

முன் சைட் குட்டிக் குழாயாக இருக்கும். அதற்குள் வளையம், மணி, ஊசி எனத் தேவைக்கேற்ப வில்லைகளை மாற்றிச் செருகுவார்கள். பெட்டிகளில் அநாதையாகக் கிடக்கும் துளையிட்ட தகடுகளில் பல இவைதான். கூடவே விரல்நுனி அளவு ரசமட்டம் ஒன்று இருக்கும். துப்பாக்கி ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் ஆயிரம் கெஜத்தில் குண்டு சுமார் இரண்டடி விலகிப் போகும் என்பதால் அதை வைத்தார்கள். தச்சர் கருவி என்று பிரித்தெடுத்துவிட்டால் அந்த சைட்டின் உயிரே போய்விடும்.

பின் சைட் எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்பதைத் தண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடித்தகட்டைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு திருகுத் துளைகளுக்கு இடைப்பட்ட தூரமும், அடிப்பகுதியின் வளைவும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். லைமன் நிறுவன சைட்டுகளில் அடியிலேயே எழுத்துக் குறி உண்டு. அதைப் பழைய விலைப்பட்டியல்களோடு ஒப்பிடலாம். அகன்ற துளையும் மெல்லிய விளிம்புமாக இருந்தால் அது வேட்டைக்காரருக்கானது. கனெக்டிகட்டைச் சேர்ந்த வில்லியம் லைமன் 1879இல் காப்புரிமை பெற்ற வழி அது. பெரிய துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்ளும். அகன்ற வட்டில் ஊசித்துளை என்றால் போட்டிக்கானது. பின் சைட்டைத் துப்பாக்கிக் கட்டையின் குதிப்பகுதியில் பொருத்தும் அடித்தகடுகளும் கிடைக்கும். மல்லாந்து படுத்து, குழலைக் காலில் தாங்கிச் சுட்டவர்களுக்காகச் செய்தவை அவை. அமெரிக்க அணியின் ஹென்றி ஃபுல்டன் க்ரீட்மோர் போட்டியில் அப்படிப் படுத்துத்தான் 180க்கு 171 எடுத்தார்.

முத்திரைகளையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு அகன்ற அம்புக்குறி. இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டினால், படையிலிருந்து கழித்து விற்றது என்று பொருள். ஆனால் முத்திரையைப் போலியாகக் குத்துவது எளிது. தேய்மானத்தைப் போலி செய்வது கடினம். ஸ்பேனரின் வாய் புழங்கிப் புழங்கி மழுங்கியிருக்க வேண்டும். கைபடும் இடமும் கைபடாத இடுக்கும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் நான் சந்தேகப்படுவேன். மரை மெட்ரிக் அளவில் இருந்தால், அது பழைய ஆங்கிலேயப் பொருள் என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். மங்கிய எழுத்து அதோடு போய்விடும். மெல்லிய எண்ணெயும் பருத்தித் துணியும் போதும். மருந்துக் குடுவை கிடைத்தால் குலுக்கிப் பார்க்காதீர்கள், சுட வைக்காதீர்கள், மூடியைத் திருகிக் கழற்றாதீர்கள். கருமருந்து ஈரம்படாமல் இருந்தால் நூறாண்டு கழிந்தும் பற்றிக்கொள்ளும். கேப் நிரம்பிய பித்தளை டப்பிகளும் அப்படியே. உள்ளே ஏதோ சரசரக்கிறது என்று தெரிந்தால் அப்படியே கீழே வைத்துவிட்டு, வெடிபொருள் கையாளத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.