இடி விழும் நேரம் நமக்குத் தெரியும்

கடலூர் மாவட்டம் வேப்பூர் அருகேயுள்ள கழுதூரில், 2025 அக்டோபர் 16 அன்று மக்காச்சோள வயலில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி உயிரிழந்தனர். விருத்தாசலத்துக்கு மேற்கே உள்ள எங்கள் வட்டாரத்தில் நிகழ்ந்த துயரம் இது. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் 'விதி' என்ற சொல்லும் கூடவே வருகிறது. அந்தச் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. இடிமழைக்குப் பருவம் உண்டு, நேரம் உண்டு, வந்துசேரும் வழியும் உண்டு. அவற்றை அறிந்து நடந்தால் இத்தகைய மரணங்களில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும்.

இடிமழை உருவாக மூன்று தேவைகள் உள்ளன. தரையை ஒட்டிய காற்றில் ஈரம் மிகுந்திருக்க வேண்டும். கீழே வெப்பமும் மேலே குளிரும் இருக்க வேண்டும். அந்த ஈரக்காற்றை மேல்நோக்கித் தள்ள ஒரு தூண்டுதல் வேண்டும். இவற்றோடு, உயரம் செல்லச் செல்லக் காற்றின் வேகமும் திசையும் வெகுவாக மாறும் நிலையும் சேர்ந்தால், மேகம் நெடுநேரம் நீடித்துச் சுழலத் தொடங்கும். பெரிய ஆலங்கட்டிகளும், 'டொர்னாடோ' எனப்படும் சுழல்காற்றும் பெரும்பாலும் அத்தகைய மேகங்களிலிருந்தே பிறக்கின்றன.

அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளைப் போலவே, வங்கமும் இதற்குப் பெயர்பெற்றது. மார்ச் முதல் மே வரை, வங்கக் கடலின் ஈரக்காற்றும் வடமேற்கின் வறண்ட காற்றும் அங்கே சந்திக்கின்றன. 'கால்பைசாகி' என்று அங்குள்ள மக்கள் அழைக்கும் புயல்மழை அப்போதுதான் வருகிறது. வங்கதேசத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று வீசிய டொர்னாடோவில் சுமார் 1,300 பேர் இறந்தனர். மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரியை 2024 மார்ச் 31 அன்று இத்தகைய சுழல்காற்று தாக்கியது. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் பகுதியில் 1888 ஏப்ரல் 30 அன்று பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் மாண்டனர். ஆலங்கட்டி மழையால் நேர்ந்த மிகப்பெரிய உயிரிழப்பாக உலக வானிலை அமைப்பு இதனைப் பதிவு செய்துள்ளது.

தமிழகத்தின் நிலை வேறு. இங்கே நீர் உறையும் மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. மேகத்துக்குள் உருவாகும் பனிக்கட்டிகளில் பெரும்பாலானவை இந்தத் தொலைவைக் கடப்பதற்குள் உருகி மழைத்துளியாகிவிடுகின்றன. ஓசூர், நீலகிரி போன்ற உயரமான பகுதிகளில் கோடைக்காலத்தில் ஆலங்கட்டி விழுவதும், சமவெளியில் அது அரிதாக இருப்பதும் இதனால்தான். நமது பேராபத்து மின்னலும், இடிமழைக்கு முன்னோடியாக வரும் சூறைக்காற்றும்தான்.

விருத்தாசலம் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. உள்ளே இருக்கிறது. கோடையிலும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் பகலெல்லாம் வறண்ட மேல்காற்று நிலத்தைக் காய்ச்சுகிறது. பிற்பகலில் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்நாட்டை நோக்கி நகர்கிறது. இரண்டும் மோதும் எல்லையில் ஈரக்காற்று செங்குத்தாக எழும்பி, 12 கி.மீ.க்கும் மேலாக உயர்ந்து நிற்கும் இடிமேகமாகிறது. கல்வராயன் மலைப் பக்கம் உருவாகும் மேகங்களும், மேற்கிலிருந்து வீசும் காற்றோடு எங்களை நோக்கி வருவதுண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும், அதன் தொடக்கத்திலும் காற்று திசைமாறும் அக்டோபர் மாதம் மற்றோர் ஆபத்துக் காலம். இரண்டு பருவங்களிலும் பிற்பகலுக்கும் முன்னிரவுக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் இடிமழை பெரும்பாலும் வருகிறது.

மேகத்திலிருந்து விழும் மழை வறண்ட காற்றினூடே ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனமாகிறது. அது தரையில் மோதி நாற்புறமும் பாய்கிறது. இதுவே சூறைக்காற்று. முந்திரி அறுவடைக் காலமான கோடையிலேயே இதுவும் வருவதால், ஒரே மாலையில் ஒரு விவசாயியின் ஓராண்டு வருமானம் மண்ணில் உதிர்ந்துவிடக்கூடும். எங்கள் ஊர்ச் செராமிக் கூடங்களில் உலர வைத்திருக்கும் சுடாத மண்பொருள்களுக்கும் திடீர் மழை எமன்தான். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் எங்கள் மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளையும் பலாத் தோப்புகளையும் வீழ்த்தியது. ஆனால், புயலுக்குச் சில நாள்கள் முன்னரே எச்சரிக்கை கிடைக்கிறது. இடிமழைக்குக் கிடைப்பதோ சில மணி நேரம், சில வேளைகளில் அரைமணி நேரம் மட்டுமே.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். அந்த ஆண்டில் இயற்கைச் சீற்றங்களால் நேர்ந்த மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது. இருந்தும், 2022-26 காலத்துக்கான மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிமுறைகளில் இடம்பெற்ற தேசியப் பேரிடர்களின் பட்டியலில் ஆலங்கட்டி மழை இருந்தது, மின்னல் இருக்கவில்லை. மாநிலங்கள் விரும்பினால் தம் நிதியில் 10 சதவீதத்துக்குள் இதற்குச் செலவிடலாம் என்பதே அப்போதைய ஏற்பாடு. வங்கதேசமோ 2016-இலேயே மின்னலைப் பேரிடராக அறிவித்தது.

திறந்த வயலில் நிற்பவரே அந்த இடத்தின் உயரமான பொருள். மரத்தடிக்கு ஓடினால், மரத்தில் இறங்கும் மின்னல் பக்கவாட்டில் தாவுகிறது. ஈரமண் வழியாகவும் மின்சாரம் பரவுகிறது. மழை தொடங்காத இடத்திலும் மின்னல் விழக்கூடும். எனவே, மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடிகளுக்குக் குறைவான நேரமே இருந்தால் கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ, மூடிய வாகனத்துக்குள்ளோ சென்றுவிட வேண்டும். கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடங்கள் கழியும்வரை வெளியே வரக்கூடாது.

எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை. வானிலை ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பைத் தருகிறது. 'தாமினி' செயலி அருகில் விழும் மின்னலைக் காட்டுகிறது. தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியும் இருக்கிறது. ஆனால், களையெடுக்கும் பெண்ணின் கையில் களைக்கொட்டு இருக்கிறது, கைப்பேசி இருப்பதில்லை. இருந்தாலும், பாதி நாளில் கரையேறினால் கூலி குறையுமோ என்ற அச்சம் அவரைத் தடுக்கிறது. ஒதுங்குவதற்கு அருகில் ஒரு கட்டடமும் இருப்பதில்லை.

ஆகவே மூன்று செயல்கள் உடனே வேண்டும் என்பது என் கருத்து. அக்டோபர் மாதத்திலும் கோடையிலும் எச்சரிக்கை வந்தவுடன் ஊராட்சி ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். ஊரக வேலைத் திட்டப் பணித்தளங்களில் இடியோசை கேட்டதும் வேலையை நிறுத்தி, அந்த நேரத்துக்கும் கூலி தர விதி செய்ய வேண்டும். தனியார் வயல்களுக்கும் அந்த வழக்கம் பரவ வேண்டும். ஊரிலிருந்து தொலைவில் உள்ள வயல்வெளிகளில் இடிதாங்கி பொருத்திய சிறு ஒதுங்கிடங்களைக் கட்ட வேண்டும். மின்மாற்றிகளை மின்னலிலிருந்து காக்க இடிதாங்கி பொருத்துவதை நாம் வீண்செலவாகக் கருதுவதில்லை. அவற்றின் அடியில் உள்ள வயல்களில் உழைப்பவர்களுக்கான செலவும் அப்படித்தான் கருதப்பட வேண்டும். அடுத்த அக்டோபருக்குள் வேப்பூர், விருத்தாசலம் வட்டங்களிலிருந்தே இதனைத் தொடங்கலாம்.